மூன்றாவது பாட்டின் பாதியில்

போன மாதம் என் மகள் என்னை ஒரு பாட்டுக் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். ஆரோவில் பக்கம், மரங்களுக்குள் ஒரு சின்னக் கூடம். எல்லாம் புதிதாக எழுதப்பட்ட பாட்டுகள். ஒரு குரல், ஒரு பியானோ, வேறு எதுவும் கிடையாது. பாடிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். நன்றாகப் பாடினாள் என்று மகள் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் பாட்டைக் கேட்கவில்லை. பியானோவுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் சத்தமில்லாமல் எழுந்து, தாளின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். முட்டி வலிக்கிறது என்று மகளிடம் சொன்னேன். வலித்தது உண்மைதான். ஆனால் வெளியே வந்தது அதனால் இல்லை.

மரக்காணத்து உப்பளத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறோம். இந்த வயதில் ஒன்றை மறைத்து வைத்திருப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. என்னிடம் அது தீர்ந்துவிட்டது.

தண்டவாளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேறு யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பனங்கட்டையில் முழ நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அடிக்க ஓர் இரும்புக் கம்பி. பாத்தியில் வாரிய உப்பு வரப்பில் குவிந்து கிடக்கும்போது மேகம் கூடினால் அதை அடிப்பார்கள். கோடை மழை அரை மணி நேரம் பெய்தால் போதும், ஒரு மாதத்து வேலை கரைந்து ஓடிவிடும். அதனால் அந்தச் சத்தம் கேட்டதும் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. நேராக ஓட வேண்டும், கீற்றைப் போட்டுக் குவியலை மூட வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவோம். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை ஓடிய கதையை நம் தெருவில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பார்கள். அந்தத் தண்டவாளத்தைத் தொட மேஸ்திரி ஒருவருக்குத்தான் உரிமை. அவர் சொன்னால் வேறு ஆள் அடிக்கலாம். மேஸ்திரி என் அப்பா.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. தாத்தா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். எட்டாவது வரை படித்தவள். விடிந்ததும் மற்றப் பெண்களோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். வாரும்போது பாடுவாள். மற்றவர்கள் பாடும் பாட்டுகளை இல்லை, தானே கட்டிய பாட்டுகளை. கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாள். அம்மாவுக்கு அது தெரியும். அடுப்புப் பற்ற வைக்க அந்தத் தாள்களை எடுக்க மாட்டாள்.

அந்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா சைக்கிளில் வந்தாள். ஆரோவில்லில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஐம்பது வயது இருக்கும், முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. தண்ணீர் கேட்க வண்டியை நிறுத்தியவள் அத்தையின் குரலைக் கேட்டு வரப்பிலேயே நின்றுவிட்டாள். ஒரு மணி நேரம் நின்றாள். எனக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"யார் பாட்டு?" என்று அவளே தமிழில் கேட்டாள்.

"என் பாட்டுதாங்க," என்றாள் அத்தை.

"நீ எழுதி?"

"ஏன், நான் எழுதக் கூடாதா? கேளுடா அந்தம்மாவ."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள், சைக்கிள் வரப்பிலிருந்து சரிந்து பாத்திக்குள் விழுந்தது. அத்தை சிரித்தபடி இறங்கி அதைத் தூக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தையும் நானும் கூனிமேட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, குயிலாப்பாளையத்தில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். நான் மொழிபெயர்க்க, அத்தை பாட. கீற்றுக் கூரை, சுவர் இல்லாத வீடு. நடுவில் பியானோ. கறையான் ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் வைத்திருந்தாள். கடல் காற்றின் ஈரம் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு சின்ன பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் சூடான மரவாசனையும் கம்பளி வாசனையும் வரும். இப்போதும் எங்காவது பழைய பீரோவைத் திறந்து அந்த வாசனை வந்தால் நான் கதவை உடனே மூடுவதில்லை.

அத்தை ஒரு வரி பாடுவாள். அந்த அம்மா அந்த வரிக்குப் பதில் சொல்வதுபோல் பியானோவில் எதையோ வாசிப்பாள். அத்தை தலையாட்டுவாள், அல்லது "இது வேணாம், ரொம்பப் பளபளன்னு இருக்குது" என்பாள். அதை நான் எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று விழிப்பேன். அதற்குள் அந்த அம்மா புரிந்துகொண்டு வேறு மாதிரி வாசித்துவிடுவாள். இப்படி ஐந்து பாட்டுகள் உருவாயின. வார்த்தை அத்தையுடையது, மெட்டில் பாதி அத்தையுடையது, மீதியும் பியானோவும் அந்த அம்மாவுடையவை. நீலத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். வார்த்தைகளைத் தமிழில் எழுதியது நான்.

மூன்றாவது வாரத்தில் அவள் எனக்குப் பக்கம் திருப்பக் கற்றுக்கொடுத்தாள். வாசிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் ஓயாது, தாளை வேறொருவர்தான் திருப்ப வேண்டும். "கடைசி வரி வந்ததும் நில். என் தலை அசைந்ததும் திருப்பு. முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்," என்றாள். விரலில் எச்சில் தொடக் கூடாது. நான் அதை நன்றாகச் செய்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பள்ளியில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஒரே ஒரு முறை, உப்பில் வெடித்திருந்த என் கட்டை விரலிலிருந்து ரத்தம் கசிந்து இரண்டாம் பாட்டின் மூலையில் ஒரு பழுப்புக் கறை விழுந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரியை வாசித்தாள்.

பங்குனியில் அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். அவள் நாட்டிலிருந்து சங்கீதக்காரர்கள் நாலைந்து பேர் வரப்போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அத்தை இந்தப் பாட்டுகளைப் பாட வேண்டும். பிடித்திருந்தால் ஒரு வருஷம் அங்கே அழைத்துப் போய்ப் பாட வைப்பார்கள். கச்சேரியை ஆரோவில்லில் வைக்கலாம் என்றாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அளத்துலதான் பாடுவேன். எங்க ஆளுங்களும் கேக்கட்டும்," என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் அப்பா பேச்சை எடுத்தார்.

"இங்க பாடறது போதலியா உனக்கு? வாய் வலிக்குதா?"

"இங்க பாடினா உப்புதான் கேக்குது," என்றாள் அத்தை.

அம்மா சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன், பாட்டுக்காரியான்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஆமான்னு சொல்லுண்ணா. புடிக்கலன்னா போகட்டும்."

"திமிர் புடிச்சிருக்குது உனக்கு," என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அவர் எதிர்க்கிறார் என்றுதான் அத்தையும் நானும் எடுத்துக்கொண்டோம். ஆனால் அடுத்த வாரம் கிடங்கிலிருந்த மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கச் சொன்னவர் அவர். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவரும் அவர்தான். உப்பு லாரியில் வைக்கோல் பரப்பி, பியானோவை ஆறு பேரை வைத்து இறக்கினார். மண்ணில் புதையாமலிருக்கப் பனம்பலகை போட்டு அதன்மேல் நிறுத்தினார். யாராவது "மெதுவா" என்று சொல்வதற்குள் அவரே "மெதுவாடா, மெதுவாடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அதெல்லாம் மேஸ்திரி வேலை என்று நாங்கள் நினைத்தோம். பேச்சில் கோபப்பட்டு வேலையில் சம்மதித்த மனிதரைப் புரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ பக்கம் திருப்ப வேண்டாம். முன்னால் உட்கார்," என்றாள். காரணம் சொல்லும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் கிடையாது, இங்கிலீஷில் அவள் சொல்லிப் பார்த்தது எனக்குப் பிடிபடவில்லை, மறுபடி கேட்க வாயும் வரவில்லை. பக்கம் திருப்ப ஆரோவில் பையன் ஒருவன் வந்தான். மஞ்சள் முடி, காலில் ஷூ. அவன் விரல்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. நோட்டில் விழுந்த கறைதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கிடங்கின் இடப்பக்கம் பெஞ்சுகளில் வெள்ளைக்காரர்கள், வலப்பக்கம் கீழே பாயில் நம் ஆட்கள். உங்களில் பலர் இருந்தீர்கள். அத்தை அம்மாவின் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பியானோ பக்கத்தில் நின்றாள். நான் உள்ளே உட்காரவில்லை. வாசலிலிருந்தே பார்த்துவிட்டுக் கிடங்கின் பின்பக்கம் போய்விட்டேன்.

முதல் பாட்டு முடிந்தது. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள், பிறகு நம் ஆட்களும் தட்டினார்கள். கிழவி ஒருத்தி "நம்ம பொண்ணாடி இது?" என்று கேட்டது எனக்கு வெளியே கேட்டது. இரண்டாவது பாட்டில் என் கறை இருந்த தாளை அந்தப் பையன் திருப்பியிருப்பான். மூன்றாவது பாட்டு வரப்பில் நடப்பதைப் பற்றியது. பாத்தியில் நீர் நிற்கும்போது நடந்தால் இரண்டு பக்கமும் வானம் தெரியும் இல்லையா, அதைத்தான் எழுதியிருந்தாள்.

வரப்பு மேலே நடக்கிறேன்,
வலது பக்கம் வானம்,
இடது பக்கமும் வானம்...

அந்த இடத்தில் ஒரு சுரத்தை நீளமாகப் பிடிப்பாள். பியானோ அடியில் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். அந்த நீளத்தில் நான் இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தேன். ஒரு முறை இல்லை, கை வலிக்கும் வரை.

பாயில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளைப்போல் எழுந்து ஓடினார்கள். வெள்ளைக்காரர்கள் நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று பயந்து எழுந்தார்களாம். அத்தையும் ஓடினாள். அதுதான் நான் எதிர்பார்க்காதது. பாடிக்கொண்டிருந்த வாயை மூடாமலே, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். அவள் உடம்புக்கும் அந்தச் சத்தம் பழகியிருந்தது. பியானோ மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தனியாக வாசித்தது. பிறகு அதுவும் நின்றது.

கீற்றைப் போட்டு மூடிய பிறகுதான் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு மேகம்கூட இல்லை.

"எங்கடா மழ?"

"வெள்ளைக்காரம்மா வாசிச்ச வாசிப்புக்கு வரும்னு மேஸ்திரி நெனச்சிட்டாரு."

"பாட்ட நிறுத்தணும்னா வாயால சொல்லலாம் இல்ல? கீத்துத் தூக்கியே முதுகு போச்சு."

சிரிப்பு. அப்பா வரப்பில் வந்தார். கிடங்குக்குப் பின்னாலிருந்து வந்த என்னைப் பார்த்தார். என் இரண்டு கையிலும் துரு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "மேக்கால கருப்பா ஏதோ தெரிஞ்சுது." பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "போய்க் கையக் கழுவு," என்றார்.

அத்தை பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்காலில் உப்பு கீறி ரத்தம். பட்டுப்புடவை முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நனைந்து விறைக்கத் தொடங்கியிருந்தது. அவள் அப்பாவை மட்டும் பார்த்தாள். என் கையைப் பார்க்கவில்லை.

அவள் கிடங்குக்குத் திரும்பி வரவில்லை. அந்த அம்மா நீல நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருட்டும் வரை காத்திருந்தாள். வந்தவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். அடுத்த வாரம் மறுபடி வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். அத்தை "இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பத்து நாளில் புதுச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு பால்வாடியில் வேலை, மூன்று வருஷம் கழித்து ஒரு தபால்காரரோடு கல்யாணம். வெள்ளைக்காரம்மா அடுத்த வருஷமே தன் ஊருக்குத் திரும்பினாள். பியானோவும் நோட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த வருஷம் முழுவதும் அப்பாவைப் பார்த்தால் "மேஸ்திரி, மழ வருதா?" என்று கேட்டீர்கள். நானும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னிடம் அதைப் பற்றிக் கடைசிவரை கேட்கவில்லை. என்னைப் படிக்க வைத்தார். கல்லூரி வாத்தியார் ஆனேன். அவர் இறந்தபோது அத்தை வந்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அத்தை எங்களை விட்டு வெகுதூரம் போய்விடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்று சொன்னேன். "பாவம், சின்னப் பையன்," என்றாள் அவள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அது உண்மை இல்லை. அத்தை போவதைப் பற்றி நான் அன்று நினைக்கவே இல்லை. என்னைப் பக்கம் திருப்ப விடவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மகளோடு அந்தக் கச்சேரிக்குப் போய் வந்த மூன்றாம் நாள் புதுச்சேரிக்குப் போனேன். அத்தை இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காபி போட எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் சுமந்தது பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

"பக்கம் திருப்பவா?" என்றாள்.

"ஆமா அத்த."

அவள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது அந்தம்மா செஞ்சது இல்லடா. நான் கேட்டது. நீ அந்தப் பக்கம் ஒக்காந்தா எனக்கு உன் முதுகுதான் தெரியும். எதிர்ல இருந்தீன்னா உன் மூஞ்சியப் பாத்துப் பாடிடலாம்னு நெனச்சேன். அத்தன பேரு முன்னாடி நின்னா எனக்கு வார்த்த மறந்துடும்னு பயம்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உன்கிட்ட சொல்லச் சொன்னேன். அந்தம்மாவுக்கு எங்க அவ்ளோ தமிழ்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், மாட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப எங்கண்ணன் அடிக்கச் சொல்லல."

"இல்ல அத்த."

"என் கல்யாணத்துக்கு வந்தாரு. மண்டபத்து வாசல்லயே நின்னாரு. நான் உள்ளேர்ந்து பாத்தேன். சாப்பிடக் கூப்பிடல." கண்ணாடியை மறுபடி துடைத்தாள். "வெயில்ல நின்னாருடா."

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தை அவள் முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. சொல்லவில்லை.

கிளம்பும்போது கதவு வரை வந்தாள். "நீதான் எதையாவது எழுதிட்டே இருக்கியே. இதையும் எழுது. எனக்காக வேணாம். அவரு செய்யலன்னு எழுது. பேரெல்லாம் போடாத. அளத்துக்காரங்களுக்குப் புரிஞ்சா போதும்."

எழுதிவிட்டேன். அன்று பாயிலிருந்து எழுந்து ஓடியவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். தண்டவாளத்தை அடித்தது மேஸ்திரி இல்லை, அவர் சொல்லி யாரும் அடிக்கவும் இல்லை. கம்பியை எடுப்பதற்கு முன்னால் நான் கிடங்கின் பின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். உங்களுக்கெல்லாம் பின்னால், மூட்டைகளில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டின் வார்த்தைகள் அவருக்குத் தெரிந்திருந்தன.